தயிர்சாதத்தில் தேங்காய்ச் சில்லு

‘மார்பகத்தில் பொடிக் கட்டியைக் கண்டுபிடிக்க அணுக்கதிர் கேமரா’ என்று இரண்டு இதழ்களுக்கு முன்பு போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்தன பதினேழு கடிதங்கள். பதினாறு பேர் ‘பெயர் போட வேண்டாம்’ என்று அடிக்கோடு இழுத்திருக்கிறார்கள். பதினேழாவது ஆள் பெயரே எழுதவில்லை. ஆகவே ஊர் மட்டும்.

திண்டுக்கல்: மேமோகிராம் ரிப்போர்ட்டில் ‘கட்டி எதுவும் தென்படவில்லை’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே ‘மார்பகம் அடர்த்தியானது’ என்று இன்னொரு வரி. முதல் வரியை நம்பட்டுமா, இரண்டாவதையா?

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ‘தென்படவில்லை’ என்றுதான் டாக்டர் எழுதியிருக்கிறார். ‘இல்லை’ என்று எழுதவில்லை. எக்ஸ்ரேயில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். பால் சுரப்பியும் நார்த்திசுவும் வெள்ளை. கட்டியும் வெள்ளை. கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் கட்டி என்பது கரும்பலகையில் சாக்பீஸ் புள்ளி. சுரப்பியும் நாரும் மிகுந்த மார்பகத்தில், தயிர்சாதத்தில் தேங்காய்ச் சில்லைக் கண்ணால் தேடுகிற கதைதான்.

அடர்த்தி நோயல்ல. அமுக்கிப் பார்த்துச் சொல்லக்கூடியதும் அல்ல, படத்தில்தான் தெரியும். அமெரிக்காவில் நாற்பது தாண்டிய பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த ரகம்.

உங்களுக்கு அந்த இரண்டாவது வரி கிடைத்ததே. நான்சி கப்பெல்லோவுக்கு அது கிடைக்கவில்லை. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்துப் பெண்மணி. வருஷம் தவறாமல் மேமோகிராம் எடுத்தார், வருஷம் தவறாமல் ‘நார்மல்’. கடைசி நார்மல் வந்து சில வாரத்திலேயே டாக்டரின் கையில் ஏதோ தட்டுப்பட்டது. மறுபடி மேமோகிராம் எடுத்தும் ஒன்றும் தெரியவில்லை. அல்ட்ராசவுண்டில்தான் தெரிந்தது. அதற்குள் 13 நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தது. ‘உங்களுக்கு அடர்த்தி அதிகம், அதனால் தெரியவில்லை’ என்றார்கள். ‘அதை ஏன் இத்தனை வருஷமாக எனக்குச் சொல்லவில்லை?’ என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி 2009இல் கனெக்டிகட்டில் சட்டமானது. 2024 செப்டம்பரிலிருந்து அமெரிக்கா முழுவதும், மேமோகிராம் எடுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அடர்த்தி பற்றிச் சொல்லியாக வேண்டும். அதைப் பார்க்க அவர் இல்லை. 2018இல் காலமாகிவிட்டார்.

உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய், ‘எனக்கு அல்ட்ராசவுண்ட் வேண்டுமா?’ என்று டாக்டரிடம் கேளுங்கள்.

விருதுநகர்: அணு என்றாலே எனக்குக் குண்டுதான் ஞாபகம் வரும். அதை வைத்துக் கட்டியை எப்படிப் பார்க்கிறார்கள்?

மேமோகிராம் வீட்டின் சுவரையும் கூரையையும் பார்க்கிறது. இது உள்ளே அடுப்பு எரிகிறதா என்று பார்க்கிறது.

செஸ்டமிபி என்றொரு மருந்து. அதில் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஒட்டவைத்துக் கை நரம்பில் ஊசியாகப் போடுவார்கள். செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் போய் அது தங்கும். புற்றுக் கட்டிக்கு ரத்த ஓட்டமும் அதிகம், வேலையும் அதிகம். அதனால் அக்கம்பக்கத்தைவிட அங்கே மருந்து கூடுதலாகச் சேரும். சேர்ந்த இடத்திலிருந்து காமா கதிர் வெளியே வரும். அதைப் பிடித்துப் படமாக்கினால், சுற்றிலும் மங்கலாக இருக்க, கட்டி மட்டும் புள்ளியாகத் தெரியும். சுரப்பி அடர்த்தியா இல்லையா என்பதைப் பற்றி இந்தக் கதிருக்குக் கவலையே இல்லை.

இந்த மருந்து மார்பகத்துக்கென்று பிறந்ததும் இல்லை. 1990இல் அமெரிக்காவில் இதயத்துக்காக அனுமதி வாங்கியது. இதயத்தைப் படம் எடுக்கப் போனவர்கள் பக்கத்தில் மார்பகத்திலும் ஏதோ பளிச்சிடுவதைக் கவனித்தார்கள். 1997இல் அதே மருந்து வேறு பெயரில் மார்பகத்துக்கும் அனுமதி வாங்கியது.

ஒரு சொந்த விஷயம். நெஞ்சு படபடப்பு என்று எனக்கும் இந்த ஊசி போட்டிருக்கிறார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் நாக்கில் பழைய பத்து பைசாவை வைத்த மாதிரி ஒரு உலோகக் கசப்பு. பயந்து நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். “சிலருக்கு அப்படித்தான் சார் இருக்கும். போயி ஒரு கிளாஸ் பால் குடிச்சிட்டு உக்காருங்க” என்றார். குடித்தேன். ஊசி போட்டவர்களுக்கென்று தனிக் கழிப்பறை, கதவில் மூன்று இலை போட்ட மஞ்சள் அடையாளம். அந்தக் கதவைத் திறந்தபோது எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

நாகர்கோவில்: டெக்னீசியம் எந்த ஊர்ச் சரக்கு?

தபாலில் வந்த சரக்கு. அமெரிக்காவில் பெர்க்லியில் லாரன்ஸ் என்ற விஞ்ஞானியின் சைக்ளோட்ரான் எந்திரத்தில் அடிபட்டுத் தேய்ந்த மாலிப்டினத் தகடு ஒன்றை, இத்தாலியின் பலெர்மோவில் இருந்த எமிலியோ செக்ரேக்கு அனுப்பிவைத்தார்கள். 1937இல் செக்ரேயும் கார்லோ பெரியரும் அதைச் சுரண்டிப் பார்த்தபோது அதுவரை யாரும் பார்த்திராத தனிமம் அகப்பட்டது. மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம். பெயரின் கிரேக்க மூலத்துக்கே அர்த்தம் ‘செயற்கை’.

மருத்துவத்துக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். காலையில் வாங்கிச் சாயங்காலம் வரை வைத்திருக்க முடியாது. அதனால் மாட்டையே வாங்கிவிடுகிறார்கள். 66 மணி நேரத்தில் பாதியாகும் மாலிப்டினம்-99ஐ ஈயக் கவசத்தில் அடைத்த ஒரு சின்னப் பெட்டி. மாலிப்டினம் சிதையச் சிதைய உள்ளே டெக்னீசியம் ஊறும். தினமும் காலையில் உப்புநீரை உள்ளே விட்டு அதைக் கழுவி எடுப்பார்கள். இதற்குத் துறையில் வழங்கும் பெயரே ‘பால் கறப்பது’தான். ஒரு வாரத்தில் மாடு வற்றிவிடும். அடுத்த மாடு வரும். 2009இல் கனடாவின் சாக் ரிவர் உலை பழுதாகி ஒரு வருஷத்துக்கு மேல் நின்றபோது, உலகத்தில் பல ஊர்களில் ஸ்கேன் அறைகள் மாடில்லாத தொழுவம் ஆயின.

கும்பகோணம்: காமா கேமரா பெரிய ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே இருக்கிறதே. மார்பகத்துக்கென்று தனியாக ஏன் ஒன்று?

இதுதான் நான் எதிர்பார்த்த கேள்வி. இடியாப்பம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பதில் சொல்கிறேன்.

காமா கதிரைக் கண்ணாடி லென்ஸால் குவிக்க முடியாது. எந்தக் கதிர் எங்கிருந்து வந்தது என்று தெரிய ஒரே வழி, நேராக வருவதை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுப்பது. அதற்காகக் கேமராவின் முகத்தில், நெருக்கமாகத் துளை போட்ட கனமான ஈயத் தகடு இருக்கும். இடியாப்ப அச்சு மாதிரிதான். சாய்வாக வரும் கதிர் ஈயத்தில் மோதிச் செத்துவிடும். புறப்பட்ட பத்தாயிரம் கதிரில் ஒன்றிரண்டுதான் அந்தப் பக்கம் போய்ச் சேரும். இவ்வளவு வடிகட்டியும் படம் கூர்மையாக வர வேண்டுமென்றால் அச்சு பொருளை ஒட்டி இருக்க வேண்டும். தள்ளிப்போகப் போக மங்கல்.

பெரிய காமா கேமரா உடம்பு முழுவதையும் எடுக்கப் பிறந்தது. அதை மார்பகத்தை ஒட்டிக் கொண்டுவர முடியாது. விளிம்பில் ஒரு பட்டை குருட்டுப் பட்டை. பக்கத்தில் இதயமும் கல்லீரலும் தீபாவளி கொண்டாடிக்கொண்டிருக்கும். ஆகவே 1 செ.மீ.க்குக் கீழே உள்ள கட்டி பெரும்பாலும் தப்பிவிடும். கட்டியின் விட்டம் பாதியானால் அதன் கொள்ளளவு எட்டில் ஒன்றாகிவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள். 1 செ.மீ. கட்டி எட்டு விளக்கு என்றால் 5 மி.மீ. கட்டி ஒரே விளக்கு.

புதிய கேமரா சிறியது. பெண் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மார்பகத்தை மேலும் கீழும் இரண்டு தட்டுகள் மெதுவாகப் பிடித்துக்கொள்ளும், இரண்டுமே கேமரா. கட்டி எங்கே இருந்தாலும் ஏதாவது ஒன்றுக்குக் கிட்டத்தில் இருந்துதான் ஆக வேண்டும். பழைய கேமராவில் கதிர் உப்புப் படிகத்தில் பட்டு ஒளியாகி, ஒளி மின்சாரமாகும். புதியவற்றில் கேட்மியம் துத்தநாக டெலுரைடு என்ற வாயில் நுழையாத பொருள், கதிரை நேராகவே மின்சாரமாக்கிவிடுகிறது. ஒரு வகையில் ஒவ்வொரு கட்டமும் 1.6 மி.மீ.தான்.

பலன் என்ன? அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2008இல் வெளியிட்ட ஆய்வில், சந்தேகத்துக்குரிய சின்னக் கட்டிகளை இப்படிப் பார்த்தார்கள். ஒரு தட்டு மட்டும் கேமராவாக இருந்தபோது 1 செ.மீ.க்கு உட்பட்ட புற்றுக் கட்டிகளில் 68 சதவீதம் சிக்கின. இரண்டு தட்டும் கேமரா ஆனபோது 82 சதவீதம். ஊசியும் அதே, பெண்களும் அதே. எதிர்ப்பக்கம் இன்னொரு கண்ணை வைத்ததால் வந்த லாபம் அது.

திருச்சி: நான் இயற்பியல் ஆசிரியர். அணுவுக்குள் குவார்க் தேடும் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கும் மார்பகக் கேமராவுக்கும் தொடர்பு உண்டென்று படித்தேன். நிஜமா?

நிஜம்தான் சார். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து நியூபோர்ட் நியூஸ் நகரில் ஜெஃபர்சன் ஆய்வுக்கூடம் இருக்கிறது. எலெக்ட்ரானை விரட்டிப் புரோட்டானைக் குடைந்து பார்ப்பது அதன் தொழில். சிதறி வரும் துகள் எந்த இடத்தில் பட்டது என்று துல்லியமாகச் சொல்லும் கருவி இல்லாமல் அந்தத் தொழில் நடக்காது. ‘எந்த இடத்தில் பட்டது?’ என்பதுதானே மார்பகக் கேமராவின் கேள்வியும்? அந்தத் தொழில்நுட்பத்தை அதே ஊரின் டைலன் நிறுவனம் உரிமம் வாங்கிக் கேமராவாக்கி விற்றது. ‘குவார்க்கால் எனக்கென்ன பிரயோஜனம்?’ என்று கடைசி பெஞ்சுப் பையன் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ஈரோடு: வலிக்குமா?

ஊசி குத்துகிற வலி. மேமோகிராம் மாதிரி அமுக்க மாட்டார்கள். நகராமல் இருக்கப் பிடித்துக்கொள்வதுதான். ஆனால் ஒரு படத்துக்கு ஏறக்குறைய பத்து நிமிஷம், நான்கு படம். நாற்பது நிமிஷம் அசையாமல் இருப்பது நம் ஆட்களுக்கு வலியைவிடக் கஷ்டம்.

மணவாளக்குறிச்சி: ஒரு புற்றுநோயைத் தேடப் போய் கதிர்வீச்சால் இன்னொன்றை வாங்கி வர வேண்டுமா?

நியாயமான பயம். 2010இல் ஹென்ட்ரிக் என்ற இயற்பியலாளர் இதே கேள்வியைக் கணக்குப் போட்டுக் கேட்டு, துறையில் எல்லோரையும் நெளியவைத்தார். அப்போது போட்டுவந்த அளவில் இந்த ஒரு ஸ்கேனின் கதிர் ஆபத்து, நாற்பது வயதுப் பெண்ணுக்கு ஒரு மேமோகிராமைப் போல 20 முதல் 30 மடங்கு. அதற்குப் பிறகுதான் மருந்தைக் குறைக்கும் வேலை மும்முரமானது. கேமரா கூர்மையாக ஆக, ஊசியும் சிறியதானது. 740 மெகாபெக்கரல் போட்ட இடத்தில் 300 போதும் என்று வந்துவிட்டார்கள்.

இந்த 300க்கு உடம்பு வாங்கும் கதிர் சுமார் 2.4 மில்லிசீவர்ட். மேமோகிராமுக்குச் சுமார் அரை மில்லிசீவர்ட். உலகத்தில் சராசரி மனிதன் மண்ணிலும் வானத்திலும் காற்றிலுமிருந்து ஒரு வருஷத்தில் வாங்குவதும் 2.4தான். உங்கள் ஊரில் அதைவிடக் கூடுதல். மோனசைட் மணலை மிதித்துக்கொண்டு நின்று இந்தக் கேள்வி கேட்கிறீர்கள்! உங்களுக்கு வடக்கே, அதே மணலுள்ள கருநாகப்பள்ளியில் பல வருஷம் ஆராய்ந்தும் அந்த மணலால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கை. படம் மார்பகத்துக்கு, கதிரை அதிகம் வாங்குவது பெருங்குடல். மருந்து பித்தத்தோடு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. ஆக, பயப்படும் அளவு இல்லை. ஆனால் மேமோகிராமைவிட ஐந்து மடங்கு என்பதும் சும்மா இல்லை. காரணத்தோடு எடுக்கலாம், வருஷப்பிறப்புக்கு வருஷப்பிறப்பு எல்லோருக்கும் எடுக்க முடியாது. கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சேலம்: இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கு எத்தனை பேருக்குப் பலன்? எண்ணாகச் சொல்லும்.

மேயோ கிளினிக்கில் அடர்த்தி மார்பகமுள்ள 1,585 பெண்கள், 2015 ஆய்வு. மேமோகிராம் மட்டும் ஆயிரத்துக்கு 3.2 புற்றுநோயைப் பிடித்தது. அணுக்கதிர்ப் படமும் சேர்ந்ததும் 12. இதற்கு ஒரு செலவும் உண்டு: ‘மறுபடி வாங்க, சந்தேகமாக இருக்கிறது’ என்று கூப்பிடப்பட்டவர்கள் 11 சதவீதத்திலிருந்து 17.6 ஆனார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒன்றுமில்லை என்று தெரியும்வரை தூங்கியிருக்க மாட்டார்கள். அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

கூடுதலாகப் பிடிப்பதால் கூடுதல் உயிர் பிழைக்கிறதா என்று காட்டும் ஆய்வு இதுவரை இல்லை. இதை எடுத்துச் சொல்லாமல் எவராவது மிஷினைப் புகழ்ந்தால் அவர் விற்பனைப் பிரதிநிதி.

கோவை: புள்ளி தெரிந்தால் புற்றுநோய்தானே?

இல்லை. ஃபைப்ரோஅடினோமா என்ற சாதுக் கட்டியும், அழற்சியும்கூடச் சில சமயம் பளிச்சிடும். மாதவிலக்கு நாளைப் பொறுத்து மார்பகம் மொத்தமும் மருந்தைக் கூடுதலாக இழுத்துப் படத்தைக் குழப்பும். அதனால் மாதவிலக்கு தொடங்கிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் எடுப்பது நல்லது. படம் குற்றப்பத்திரிகை மட்டும். தீர்ப்பு எழுதுவது பயாப்ஸி ஊசியும் நுண்ணோக்கியும்.

தேனி: எம்ஆர்ஐ இருக்கும்போது இது எதற்கு?

நல்ல அடி. கட்டி பிடிப்பதில் எம்ஆர்ஐதான் பெரியண்ணன், கதிர்வீச்சும் கிடையாது. ஆனால் பேஸ்மேக்கர் வைத்த சிலருக்கும், சிறுநீரகம் கெட்டவர்களுக்கும், அந்தக் குழாய்க்குள் போனதும் மூச்சு முட்டுகிறவர்களுக்கும் அது சரிப்படாது. அப்போது தம்பியைக் கூப்பிடலாம்.

தஞ்சாவூர்: கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டு ‘கதிர்வீச்சு இல்லை, தொடுவதில்லை, வெப்பப் படம் மட்டும்’ என்கிறார்கள். மேமோகிராமுக்குப் பதில் அதையே எடுத்துக்கொள்ளலாமா?

மேமோகிராமுக்கு அது மாற்றல்ல என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை எச்சரித்துவிட்டது. மண்டபத்தில் சாப்பாடு மட்டும் சாப்பிடுங்கள்.

புதுச்சேரி: ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வருமாமே?

வரும். மார்பகப் புற்றுநோயாளிகள் நூறு பேரில் ஒருவர் ஆண் என்ற அளவில். ‘அது பெண்கள் விஷயம்’ என்று தள்ளிப்போடுவதால் தாமதமாகத்தான் வந்து சேருகிறார்கள். முலைக்காம்புக்குக் கீழே கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் மீசையைப் பார்க்காமல் டாக்டரைப் பாருங்கள்.

வேலூர்: என் அக்காவுக்கு ஆபரேஷனுக்கு முன்பு மார்பில் கதிரியக்க ஊசி போட்டார்கள். இது அந்த ஸ்கேன்தானா?

மாடு அதே மாடு, பால் வேறு பாத்திரத்தில். டெக்னீசியத்தை மார்பில் போட்டால் அது நிணநீரோடு போய் அக்குளில் முதல் கணுவில் நிற்கும். புற்று பரவினாலும் முதலில் தங்குவது அங்கேதான். சர்ஜன் பேனா மாதிரி ஒரு காமா கருவியை அக்குளில் வைத்து நகர்த்துவார். கணு கிட்ட வந்ததும் கருவி ‘கிர்ர்’ரென்று சத்தம் போடும். அந்தக் கணுவை மட்டும் எடுத்துப் பார்த்து, சுத்தமாக இருந்தால் மற்றதை விட்டுவிடுவார். அக்குளை மொத்தமாக வழித்தெடுத்துக் கை யானைக்கால் மாதிரி வீங்கிய காலத்துப் பெண்களைக் கேளுங்கள், அந்தச் சத்தத்தின் அருமையைச் சொல்வார்கள். 1993இல் டேவிட் க்ராக் என்ற அமெரிக்க சர்ஜன் மார்பகத்துக்கு இந்த வழியைக் காட்டினார். மார்பக ஸ்கேனைவிட இந்தக் குட்டிக் கருவிதான் நம் பெண்களுக்கு அதிக உபகாரம் செய்திருக்கிறது என்பது என் கட்சி.

மதுரை: எல்லாம் சரி, நம் நாட்டுக்கு இந்தக் கேமரா தேவையா? நேராகப் பதில் சொல்லும்.

சிலருக்குத் தேவை: மேமோகிராம் குழப்பி, அல்ட்ராசவுண்டும் குழப்பி, எம்ஆர்ஐயும் முடியாதவர்களுக்கு. அவர்களுக்காகப் பெரிய ஊர்களில் ஒன்றிரண்டு இருக்கட்டும். நாட்டுக்கே தேவையா என்றால், இப்போதைக்கு இல்லை.

5 மி.மீ. கட்டிக்காக அமெரிக்கா சண்டை போடுகிறது. நம் ஊர்ப் புற்றுநோய் ஓ.பி.யில் உட்கார்ந்து பாருங்கள். எலுமிச்சம்பழ அளவில் கட்டியோடு, அதை எட்டு மாசம் முந்தானைக்குள் மூடிவைத்திருந்த அம்மாக்கள் வருகிறார்கள். எலுமிச்சம்பழத்தைப் பார்க்கக் காமா கேமரா எதற்கு?

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1,51,538 பெண்களைச் சேர்த்து இருபது வருஷம் ஒரு ஆய்வு நடத்தியது. மிஷினே கிடையாது. பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள், அவ்வளவுதான். 2021இல் முடிவு வந்தது. நோய் முன்கூட்டியே பிடிபட்டது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து விரலுக்கு இவ்வளவு சாதிக்க முடிகிறது. பாதிக் கதிரை ஈயத்தில் தொலைக்கும் கேமரா காத்திருக்கட்டும். பாதியா? பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு தவிர எல்லாவற்றையும்!

(ஊரும் போட வேண்டாம்): என் மனைவிக்கு இடது மார்பில் சின்னதாக ஒரு கட்டி. மூன்று மாதமாக இருக்கிறது. வலி இல்லை. நீங்கள் எழுதிய அந்தக் கேமரா எந்த ஊரில் இருக்கிறது என்று சொன்னால் பணம் புரட்டிக்கொண்டு கூட்டிப்போவேன்.

ஐயா, கேமராவைத் தேடாதீர்கள். பணமும் புரட்ட வேண்டாம். கையில் தட்டுப்பட்ட கட்டிக்கு இந்த ஸ்கேன் அவசியமே இல்லை. வலி இல்லை என்பது நல்ல செய்தியும் இல்லை. புற்றுக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. பத்துக் கட்டியில் பெரும்பான்மை சாதுக் கட்டிதான் என்பதும் உண்மை. ஆனால் உங்கள் வீட்டுக் கட்டி எந்த ரகம் என்று நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. நாளைக் காலை மாவட்ட அரசு மருத்துவமனை சர்ஜரி ஓ.பி.க்குப் போங்கள். டாக்டர் கையால் பார்ப்பார். அல்ட்ராசவுண்ட், மேமோகிராம், பிறகு ஊசி வைத்து எடுக்கும் பயாப்ஸி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவிடம் கடிதம் எழுதியதைச் சொல்லுங்கள். போய்விட்டு வந்து எனக்கு ஒரு கார்டு போடுங்கள். பெயர் போட மாட்டேன்.